இது ஆருக்குச் சொன்னது?

எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் வருடா வருடம் ஒரு வசனக் கலண்டர் தொங்கும். மாதத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு வேத வசனம். சில வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம் கறிவேப்பிலை ஆய வந்த பக்கத்து வீட்டு மாமி, அந்தக் கலண்டருக்கு முன்னால் நின்றுவிட்டார். மாமி சைவம். வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார்.

"நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

எரேமியா 29:11. வாசித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இது ஆருக்குச் சொன்னது?"

"எல்லாருக்கும்தான் மாமி."

"எனக்குமோ?"

"ஓம் மாமி."

"நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது ஒண்டே ஒண்டுதான். அது உனக்குத் தெரியும்தானே."

தெரியும். அவருடைய கடைசி மகன் 2009 மே மாதம் வன்னியில் காணாமல் போனவர். அன்றிலிருந்து ஒரு பொலித்தீன் பையில் மகனுடைய படமும், கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளும். எங்கே விசாரணை என்றாலும் அந்தப் பையோடு போவார். நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. மாமி கறிவேப்பிலையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இருபது வருடத்துக்கு மேலாக ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிள்ளைகளும் பெற்றோரும் அயலவர்களும் "ரீச்சர், இதுக்கு வேதத்திலை என்ன போட்டிருக்கு?" என்று கேட்பார்கள். கேட்டவுடன் ஒரு வசனத்தை எடுத்துக் கொடுப்பேன். என் பழைய வேதாகமத்தின் பின்பக்கத்தில் எந்தக் கேள்விக்கு எந்த வசனம் என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். பயத்துக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று. அன்றிரவு அந்தப் பட்டியலை விட்டுவிட்டு, எரேமியா 29ஐத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். முந்தின அதிகாரத்தையும் சேர்த்து.

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன சனத்துக்கு எரேமியா அனுப்பிய கடிதம். அதற்கு முன் 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டு வருடத்துக்குள் எல்லாம் சரியாகும், போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்னால் சொல்கிறான். அதைக் கேட்க எல்லாருக்கும் எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்! எரேமியாவும் ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றுதான் முதலில் சொல்கிறார். ஆனால் அந்த வாக்கு பொய் என்று பிறகு தெரிகிறது. கடிதத்தில் எரேமியா எழுதுவது வேறு: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டினத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள். பிறகு, 10ஆம் வசனத்தில், எழுபது வருடம் என்கிறார்.

எழுபது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் திரும்பிப் போயிருக்க மாட்டார்கள். எங்கள் கலண்டர்களில் 11ஆம் வசனம் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. 10ஆம் வசனம் ஒருமுறையும் வந்ததில்லை.

வாசித்தபோது எனக்கு 1995 ஞாபகம் வந்தது. ஒக்ரோபர் 30 இரவு போரால் யாழ்ப்பாணமே எழும்பி நடந்ததே, அந்தச் சனத்துக்குள் நானும் அம்மாவும் ஐயாவும் இருந்தோம். வீட்டைப் பூட்டித் திறப்பை அம்மா ஒரு லேஞ்சியில் முடிந்து சட்டைக்குள் வைத்திருந்தார். "ரெண்டு கிழமை, மிஞ்சினால் ஒரு மாதம்" என்று ஐயா சொன்னார். தென்மராட்சியில் நாங்கள் இருந்த இடத்தில் ஒவ்வொரு பின்னேரமும் யாராவது ஒருவர் அதே கணக்கைப் புதிதாகச் சொல்வார்கள். யாரும் ஒரு கத்தரிக்கன்றுகூட நடவில்லை. அடுத்த கிழமை போகப் போகிறோமே, எதற்கு நடுவான்? எங்களுக்கு அது ஆறு மாதத்தில் முடிந்தது. வலிகாமம் வடக்கில் 1990இல் எழும்பின எங்கள் சொந்தக்காரருக்கு இருபது வருடத்துக்கு மேல் போனது. அனனியாவின் கணக்கு எப்படி இனிக்கும் என்பதும், அது ஒரு ஆளை எப்படி ஒன்றும் செய்யவிடாமல் வைத்திருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அப்படிப் பார்த்தால், நான் மாமிக்கு அன்று சொன்ன "ஓம்" அனனியாவின் பேச்சுக்குக் கிட்டத்தான் நிற்கிறது.

"இது ஆருக்குச் சொன்னது?" என்ற அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு நான் விடவில்லை. யார் எதைக் கேட்டாலும் வசனத்தைத் தேடுவதற்கு முன், இந்த வசனம் முதலில் யாருடைய காதில் விழுந்தது, அவர்கள் என்ன நிலைமையில் இருந்தார்கள் என்று பார்க்கப் பழகினேன். அதோடு, கேட்கிறவர் எங்கே நின்று கேட்கிறார் என்பதையும்.

ஒரு சின்ன உதாரணம். ஞாயிறு பாடசாலைப் பிள்ளை ஒன்று கேட்டது, பக்கத்து வீட்டில் தருகிற மோதகம் சாப்பிடலாமோ என்று. எங்கள் ஊரில் இதை ஒவ்வொரு கிறிஸ்தவக் குடும்பமும் ஏதோ ஒரு நாள் சந்திக்கும். பொங்கலுக்கு அவர்கள் வீட்டுத் தட்டு மதிலைத் தாண்டி வரும், நத்தாருக்கு எங்கள் வீட்டுத் தட்டு போகும். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பெரியம்மா அப்படி வந்த தட்டைச் சிரித்தபடி வாங்கி, கிணற்றடிக்குக் கொண்டுபோய் நாய்க்குப் போட்டுவிட்டார். அதை அந்த வீட்டுப் பெட்டை வேலி ஓட்டைக்குள்ளால் பார்த்துவிட்டாள். பல வருடம் தட்டு வரவில்லை. வேதத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் பெரியம்மா அப்படிச் செய்தார்.

ஆனால் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை முழுதாக வாசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. கொரிந்து கோயில்கள் நிறைந்த பட்டினம். சந்தையில் விற்கிற இறைச்சியிலும் படைத்தது கலந்திருக்கும். பவுல் சொல்கிறார், கடையில் விற்கிறதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள். அவிசுவாசி ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டு, போக மனதிருந்தால் போங்கள், முன்னால் வைத்ததைச் சாப்பிடுங்கள். இது படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும் விடுங்கள், அதுவும் சொன்ன ஆளின் மனச்சாட்சிக்காக. 1 கொரிந்தியர் 8, 10 ஆகிய இரண்டு அதிகாரங்களிலும் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதுதான், ஆனால் பவுலின் கண் முழுக்கப் பக்கத்தில் இருக்கிற ஆளின் மேல் இருக்கிறது. போஜனம் என் சகோதரனுக்கு இடறலுண்டாக்கினால் நான் என்றைக்கும் மாம்சம் புசியாதிருப்பேன் என்கிற அளவுக்குப் போகிறார். பெரியம்மா உணவைப் பார்த்தார், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளையைப் பார்க்கவில்லை.

நான் வீட்டில் செய்த பலகாரத்தைச் சாப்பிடுவேன். கோயிலில் படைத்தது என்று சொல்லித் தந்தால், "மன்னியுங்கோ" என்று சொல்லி மரியாதையாக மறுப்பேன். இது மாமிக்குத் தெரியும். அதனால் விசேட நாட்களில் படையலுக்கு வைக்கிறதைத் தவிர்த்து, எங்களுக்கென்று தனிச் சட்டியில் சமைத்துத் தருவார். பவுல் கொரிந்தியரிடம் கேட்டதை, பவுலை வாசிக்காத என் அயலவர் எனக்குச் செய்கிறார்.

வேதக்காரர் என்றால் கத்தோலிக்கரோ, உங்கள் வேதமும் அவர்களுடைய வேதமும் ஒன்றா இரண்டா என்றும் அடிக்கடி கேட்பார்கள். அதற்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: புரட்டஸ்தாந்தரான எங்களுடையதில் 66 புத்தகங்கள், கத்தோலிக்கருடையதில் 73. நற்செய்திகள் நாலும் ஒன்றேதான்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் வேதத்தைப் பற்றிக் கேட்கிறவர் எங்களைவிட நன்றாக அதை வாசித்தவராகவும் இருக்கலாம். பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்கு அவரோடு இருந்து உழைத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அதே நாவலர் 1854இல் சைவ தூஷண பரிகாரம் எழுதியபோது, எருசலேம் ஆலயத்தின் விளக்கையும் தூபத்தையும் பலியையும் எடுத்துக் காட்டி, உங்கள் வேதத்திலேயே இவ்வளவு இருக்க எங்கள் வழிபாட்டை எப்படிப் பழிக்கிறீர்கள் என்று மிஷனரிமாரைக் கேட்டார். அது வசன அட்டையை நீட்டிச் சமாளிக்கக்கூடிய கேள்வி அல்ல. லேவியராகமத்தையும் எபிரெயருக்கு எழுதின நிருபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் வாயைத் திறக்கலாம். இப்படிப்பட்ட ஊரில் நாங்கள் அரைகுறையாக வாசித்துவிட்டுப் பேசுவது சரியே இல்லை.

எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் வருத்தமும் சுகமும். எங்கள் உறவில் ஒரு அக்காவுக்குச் சீனி வருத்தம். ஒரு ஜெபக் கூட்டத்தில் குளிசையை விட்டால்தான் விசுவாசம் என்று சொல்லியிருக்கிறார்கள். விட்டார். ஒரு காலின் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அவரிடம் வந்து, விசுவாசம் குறைவு என்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவராவது 2 இராஜாக்கள் 20 வாசித்திருந்தால்! எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறான். உன் கண்ணீரைக் கண்டேன், உன்னைக் குணமாக்குவேன் என்று கர்த்தரே சொல்கிறார். அப்படிச் சொன்ன பிறகு ஏசாயா என்ன செய்கிறார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின் மேல் பற்றுப் போடச் செய்கிறார். வாக்கும் மருந்தும் ஒரே அறைக்குள். பவுல் தீமோத்தேயுவின் வயிற்று வருத்தத்துக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுக்கச் சொல்கிறார். துரோப்பீமுவை மிலேத்துவில் வருத்தத்தோடு விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதுகிறார். தன் உடம்பில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் கேட்டும் அது போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்கள்? அமெரிக்க மிஷன் டொக்டர் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, எங்கள் மானிப்பாயில் இருந்து மருத்துவப் புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து, எங்கள் பெடியளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். ஜெபிக்கிற மனிதர்தான் அவரும். குளிசையையும் ஜெபத்தையும் எதிரெதிரே நிறுத்துவது எங்கள் சபைகளின் வரலாற்றிலும் இல்லை, வேதத்திலும் இல்லை.

அந்த அக்காவிடம் நான் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டது வேறு ஒன்று. "அப்ப நான் செய்த பாவமோ இது?"

இந்தக் கேள்வி எங்கள் மண்ணில் எந்த மதத்தாரிடமும் இருக்கிறது. முற்பிறப்பு என்பார்கள், விதி என்பார்கள், பரம்பரைச் சாபம் என்று எங்கள் ஆட்களிலேயே சிலர் சொல்வார்கள். யோவான் 9இல் இயேசுவின் சீடர்களும் பிறவிக்குருடன் ஒருவனைக் காட்டி அதையேதான் கேட்கிறார்கள், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று. இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. அதற்கு மேல் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல், குனிந்து சேறு உண்டாக்கி அவன் கண்ணில் பூசுகிறார். தகப்பன்மார் திராட்சக்காய் தின்னப் பிள்ளைகளின் பல் கூசிப்போயிற்று என்று பாபிலோனுக்குப் போன சனத்துக்குள் ஒரு பழமொழி ஓடியது. இனி அதைச் சொல்லக்கூடாது என்று கர்த்தர் எசேக்கியேலைக்கொண்டு தடை போடுகிறார். எசேக்கியேல் 18ஐ அக்காவோடு இருந்து முழுக்க வாசித்தேன். தகப்பன்மாரின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் பிள்ளைகளிடம் விசாரிக்கிறவர் என்று யாத்திராகமத்தில் இருக்கிறதே என்று அவரே கேட்டார். இருக்கிறது. அதையும் வைத்துக்கொண்டுதான் எசேக்கியேல் பேசுகிறார். வேதத்துக்குள்ளேயே வேதம் இப்படித் தன்னோடு வாதாடுவதை நான் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கஷ்டமான கேள்வியை என்னிடம் கேட்டவன் பதினைந்து வயதுப் பெடியன். "ரீச்சர், நவாலியிலை கோயிலுக்குள்ளை இருந்தவையை ஏன் காப்பாத்தேல்லை?" 1995 ஜூலை 9, நவாலி சென் பீற்றேர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அவன் பிறப்பதற்கு முந்தியது. வீட்டில் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறான்.

அந்தக் காலத்தில் பங்கருக்குள் குந்தியிருந்து நாங்கள் எல்லாரும் சொன்னது 91ஆம் சங்கீதம். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." எனக்கு அது மனப்பாடம். நவாலியிலும் யாராவது அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். இயேசுவை ஆலயத்து உப்பரிகையில் நிறுத்திக் குதிக்கச் சொல்லும்போது பிசாசு எடுத்துக் காட்டுவதும் இதே சங்கீதத்தைத்தான் என்பது எனக்குப் பின்னர்தான் உறைத்தது. எழுதியிருக்கிறதே, தூதர்கள் உன்னைத் தாங்குவார்களே என்கிறான். இயேசு குதிக்கவில்லை. அந்தச் சங்கீதத்தை அவர் பொய் என்று சொல்லவும் இல்லை, அதை ஒரு காப்புறுதிப் பத்திரமாக எடுக்கவும் இல்லை. பிறகு சிலுவையில் அவர் வாயில் வந்தது 22ஆம் சங்கீதம், என்னை ஏன் கைவிட்டீர்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி லூக்கா 13இல் இயேசுவே பேசுகிறார். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களோ, அப்படியல்ல என்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெடியனிடம் நான் சொன்னதும் அவ்வளவுதான். அவர்கள் செத்தது அவர்களுடைய குற்றத்தால் அல்ல, இயேசு அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஏன் காப்பாற்றவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, நானும் அதைத்தான் அவரிடம் கேட்கிறேன் என்றேன். அவன் தலையாட்டினான். அடுத்த ஞாயிறும் வந்தான்.

யோபுவின் சிநேகிதரை எல்லாரும் குறை சொல்வார்கள். ஆனால் அவர்கள் முதல் ஏழு நாளும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அது நல்ல வேலை. பிறகு வாயைத் திறந்தார்கள். அவர்கள் சொன்னதில் பாதி, தனியே எடுத்துக் கலண்டரில் போட்டால் அருமையான வசனம். கடைசியில் கர்த்தர், என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றுவிடுகிறார். சண்டை பிடித்தவன் சரியாகப் பேசினான், ஆறுதல் சொன்னவர்கள் பிழையாகப் பேசினார்கள்.

மாமியிடம் திரும்பப் போக எனக்குக் கன நாள் எடுத்தது. எழுபது வருடக் கதையைச் சொன்னேன். நான் அவசரப்பட்டு ஓம் என்றது பிழை மாமி, அந்த வசனம் வீடுவாசல் இழந்து போன ஒரு சனத்துக்குச் சொன்னது, அவர்களிலும் கனபேர் அந்த முடிவைக் காணாமலே செத்துப்போனார்கள் என்றேன். மாமி கோபிக்கவில்லை. "அப்ப என்னைப்போல ஆக்களைப் பற்றி உங்கட வேதத்திலை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்.

இருக்கிறது. என் பென்சில் பட்டியலில் இல்லாத பகுதி, எந்தச் சபையிலும் நான் பிரசங்கத்தில் கேளாத பகுதி. 2 சாமுவேல் 21. உள்ளே போய் வேதாகமத்தை எடுத்து வந்து விறாந்தையில் கதிரை போட்டு வாசித்தேன். நாட்டில் மூன்று வருடப் பஞ்சம். பழைய பழி ஒன்றைத் தீர்க்கவென்று சவுலின் வம்சத்தில் ஏழு பேரைத் தாவீது ராஜா பிடித்துக் கொடுக்கிறான். மலையில் தூக்கிப் போடுகிறார்கள். அதில் இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள். அடக்கம் செய்ய ஒருவரும் இல்லை. ரிஸ்பாள் இரட்டுப்புடவையைக் கொண்டுபோய்ப் பாறையின் மேல் விரித்து, அறுப்பு தொடங்கின நாள்முதல் வானத்திலிருந்து மழை பெய்யுமட்டும், பகலில் பறவைகளும் இரவில் மிருகங்களும் அந்த உடல்களை அண்டவிடாமல் இருக்கிறாள். வழமையான மாரி மழை என்றால் அது மாதக்கணக்கு.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கித் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரக் கொட்டிலில் இருக்கிற தாய்மாரோடு மாமியும் சில நாட்கள் போய் இருந்திருக்கிறார். நான் வாசிக்க வாசிக்க அவர் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவள் செய்தது ராஜாவின் காதுக்குப் போகிறது. அதற்குப் பிறகுதான் தாவீது எழும்பிப் போய் எலும்புகளை எல்லாம் சேர்க்கிறான், அடக்கம் நடக்கிறது. அடக்கம் முடிந்த பிறகுதான் தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைத் தேவன் கேட்டார் என்று 14ஆம் வசனம் சொல்கிறது. ஏழு பேரைக் கொன்றவுடன் கேட்டதாக இல்லை.

"அந்த மனிசி ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"இல்லை மாமி. அவ கதைச்சதா ஒரு சொல்லும் எழுதேல்லை."

"பேர் என்ன சொன்னனி?"

"ரிஸ்பாள்."

மாமி அந்தப் பேரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "அவவுக்கு எலும்பெண்டாலும் கிடைச்சுது" என்றார்.

நான் வேதாகமத்தை மூடி மடியில் வைத்தேன். வேறு வசனம் தேடவில்லை. இருட்டும் மட்டும் இரண்டு பேரும் விறாந்தையில் இருந்தோம்.